காசு குடுத்து வாங்குன கரகரப்பு

பேராண்டி, நீ கிதாரு நல்லாத்தான் வாசிக்கிறே. குத்தம் சொல்ல மாட்டேன். சிப்காட்டுல ஷிப்டு முடிச்சு வந்து, வூட்டுல ஒருவாய் சோறுகூட துன்னாம, அந்த சிமென்ட் ஷீட்டு கொட்டாயில நீயும் உன் கூட்டாளிங்களும் இடிக்கிற இடியில, எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரியை நிறுத்திட்டுத் தூங்குற வடநாட்டு டிரைவரு எழுந்து இறங்கி டயரைத் தட்டிப் பாக்குறானாம். அது கலைக்குக் கெடச்ச மரியாதைன்னே வெச்சுக்க. ஆனா நேத்து, காலால மிதிக்கிற ஒரு டப்பாவைக் காட்டி, "தாத்தா, அந்தக் காலத்து ராக் சவுண்டு மொத்தமும் இதுக்குள்ள இருக்கு, மாசத் தவணையில எடுத்தேன்"னு சொன்னியே, அங்கதான் எனக்கு இருமல் வந்துடுச்சு. சிரிப்பை அடக்குனா எனக்கு இருமலாத்தான் வரும். உங்க ஆயாவைக் கேளு, சொல்லுவா.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடி மாசக் கூழுன்னு ஆரம்பாக்கத்துல இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் கொழாய் ஸ்பீக்கரு கட்டி வயசானவன் நானு. கிதாரு புடிக்கத் தெரியாது. ஆனா சத்தம் சரியில்லன்னா மாப்பிள்ளை வூட்டுக்காரன் மொதல்ல திட்டுறது சமையக்காரனை இல்ல, என்னைத்தான். அதனால சத்தத்தோட பூர்வீகம் எனக்குக் கொஞ்சம் தெரியும். உன் டப்பாவோட பூர்வீகமும் தெரியும்.

1961 வாக்குல அமெரிக்காவுல நாஷ்வில்னு ஒரு ஊருல மார்ட்டி ராபின்ஸ்னு ஒரு பாட்டுக்காரருக்கு ரெக்கார்டிங் நடக்குது. நடுவுல கிரேடி மார்ட்டின்ங்கறவரு பேஸ் கிதாருல ஒரு துண்டு வாசிக்கணும். அவரு வாசிக்கிற லைன்ல மிக்ஸிங் மேஜை கெட்டுப்போயிருக்கு, உள்ள டிரான்ஸ்பார்மரு அவுட்டு. கிதாரு சத்தம் தொண்டை கட்டுன கிழவன் இருமுறாப்புல கரகரன்னு வருது. நம்ம ஊரா இருந்தா என் சட்டையைப் புடிச்சிருப்பானுங்க. அவங்க, இதுவும் ஒரு தினுசா இருக்குதேன்னு அப்படியே விட்டுட்டாங்க. பாட்டு பிச்சுக்கினு போச்சு. அப்புறம் ஆளாளுக்கு அந்தக் கரகரப்பு வேணும்னு வந்து நிக்கிறாங்க, மேஜையோட அந்த லைனோ மொத்தமா செத்துப்போச்சு. கிளென் ஸ்னாடின்னு அந்த என்ஜினீயரு இன்னா பண்ணாரு? அந்தப் பழுதையே டிரான்சிஸ்டரு வெச்சு வேணும்னே செஞ்சாரு. கிப்சன் கம்பெனி அத்த வாங்கி, 1962ல மேஸ்ட்ரோன்னு பேரு போட்டுக் கடையில வெச்சான். மிதிச்சா பழுதாவும், திரும்ப மிதிச்சா சரியாவும். இதுதான் உன் டப்பாவோட கொள்ளுத்தாத்தா.

அதுவும் உடனே விக்கல, தூசி துன்னுக்கினு கெடந்துச்சு. 1965ல ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியில கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு மெட்டு புடிக்கிறாரு. அந்த எடத்துல சாக்சபோன் வகையறா ஊதணும்ங்கறது அவரு எண்ணம். ஊதுறவங்க வர்ற வரைக்கும் அடையாளத்துக்கு இருக்கட்டும்னு அந்த டப்பாவை மிதிச்சு வாசிச்சு வெச்சாரு. கூட இருந்தவங்க அத்தையே இசைத்தட்டாப் போட்டுட்டாங்க. அதுதான் 'சேட்டிஸ்பேக்‌ஷன்'. கடையில இருந்த டப்பா எல்லாம் காலி. ஆக, நீ தவணை கட்டுறது ஒருத்தன் மேஜை ரிப்பேரானதுக்கும் இன்னொருத்தன் ஆளு வர்றதுக்கு முன்னாடி போட்ட அடையாளத்துக்கும். கட்டு, கட்டு, வட்டியோட கட்டு.

டப்பாவே இல்லாமக் கரகரப்பு வாங்குனவங்களும் உண்டு. 1958ல லிங்க் ரேன்னு ஒரு அமெரிக்காக்காரரு ஆம்ப்ளியோட ஸ்பீக்கருல பென்சிலால ஓட்டை போட்டாரு. லண்டன்ல 1964ல கிங்க்ஸ் கோஷ்டியில டேவ் டேவிஸ்னு ஒரு வெடலை, மீசை மொளைக்கிற வயசு, சின்ன ஆம்ப்ளி ஒண்ணை வாங்கி அதோட கோனை பிளேடால கீறிட்டான். கீறுன கோன் காத்தைத் தள்ளும்போது ஓரமெல்லாம் படபடன்னு அடிக்கும். அந்தப் படபடப்புதான் பாட்டு. எங்கிட்ட வேலை பார்த்த பையன் எவனாவது பிளேடும் கையுமா ஸ்பீக்கருகிட்டப் போயிருந்தான்னா, அன்னிக்கே அவன் கணக்கைத் தீர்த்து ரயிலேத்தி இருப்பேன். நல்லவேளை, நான் லண்டன்ல சவுண்டு சர்வீஸ் வெக்கல.

கரகரப்பு எங்க இருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் கேட்டுக்க. தாங்குற அளவுக்கு மேல ஆம்ப்ளியை முறுக்குனா, அலையோட உச்சி மொண்ணையாப் போவுது. மொண்ணையான அந்த எடத்துல, நீ வாசிக்காத மேல்சுரமெல்லாம் தானா பொறக்குது. நீ ஒரு கம்பியை மீட்டுனா பத்து கம்பி அதுர்ற கனம் வர்றது அதனாலதான். கட்சிக் கூட்டத்துல தலைவரு உச்சத்துல கத்தும்போது கொழாய் ஸ்பீக்கருல வார்த்தையே புரியாம வெறும் ஆவேசமா கேக்கும் பாரு, சங்கதி அதேதான். அங்க கைதட்டு தலைவருக்கு, திட்டு எனக்கு. அதே போல மைக்கு கூவுறது. ஸ்பீக்கருல போற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள பூந்து, சுத்திச் சுத்திப் பெருசாகி ஊளை விடும். 1964ல பீட்டில்ஸ் கோஷ்டி 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டு ஆரம்பத்துல, கிதாரை ஆம்ப்ளிமேல சாய்ச்சு வெச்சு வந்த ஊளையை வேணும்னே வெச்சுட்டாங்க. என் ஆயுசுல நான் அடிச்ச ஊளைங்களைத் தட்டுல போட்டிருந்தா, இந்நேரம் எனக்கு எளாவூர் டேசனாண்ட செலை இருந்திருக்கும்.

சிரிச்சது போதும். ஒரு ஆளு கதை சொல்றேன், இத்தக் கொஞ்சம் உக்காந்து கேளு, ஏன்னா அவனும் உன்னை மாதிரி கம்பெனிக்காரன்.

டோனி அயோமி. பர்மிங்ஹாம்ங்கற ஊரு, இரும்பும் பட்டறையுமா இருக்கிற ஊரு. தகடு வேலை பண்ற கம்பெனியில இருந்தான், வயசு 17. கோஷ்டியோட வெளியூரு போயி வாசிக்கப் போறேன், வேலையை விட்டுடறேன்னு சொல்லிட்டான். கடைசி நாளு. மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்கு வந்தவன், இனிமே இன்னாத்துக்குப் போவணும்னு உக்காந்துட்டான். அவங்க அம்மா, எடுத்த வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வாடான்னு திருப்பி அனுப்பிடுச்சு. போனான். பிரஸ்ஸுல நிக்கிற ஆளு அன்னிக்கு வரல. பழக்கமில்லாத மெஷின்ல இவனை நிக்க வெச்சாங்க. வலது கையில நடுவிரலு, மோதிரவிரலு ரெண்டோட நுனியும் போச்சு. அவன் இடதுகைக்காரன். அதனால வலது கைதான் கிதாரு கம்பியை அழுத்துற கை.

அப்புறம் அந்தக் கம்பெனி போர்மேனு ஒரு இசைத்தட்டைக் கொண்டாந்து குடுத்தாராம். ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒருத்தரு வாசிச்சது. அவரு 1928ல தீ விபத்துல கை வெந்து, ரெண்டே விரலுல வாசிச்ச மனுசன். அதைக் கேட்டதும் இவனுக்குத் தெம்பு வந்துச்சு. சோப்பு திரவம் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி பண்ணான், மேல தோலு ஒட்டிக்கினான். தொப்பி போட்ட விரலுல கம்பி பட்டா உணர்ச்சி தெரியாது, அழுத்தவும் முடியாது. அதனால கனத்த கம்பியைத் தூக்கிப்போட்டுட்டு பாஞ்சோக் கம்பியை மாட்டுனான், மெல்லிசுங்கறதால. போகப்போக கம்பியோட முறுக்கையே தளர்த்துனான். முறுக்குத் தளர்ந்தா விரலுக்கு சுகம், சுரமோ கீழ எறங்கிடும். 1971ல வந்த மூணாவது தட்டுல பார்த்தா, மூணு அரைச்சுரம் கீழ போயிட்டான். அந்தக் கோஷ்டிக்குப் பேரு பிளாக் சாபத். ஹெவி மெட்டல்னு நீ சட்டையில அச்சடிச்சுக்கினு திரியிறியே, அதோட அடிமட்டத்துல இருக்கிறது ஒரு பிரஸ் மெஷினும் வலி தாங்காத ரெண்டு விரலும்தான். மொத தட்டை 1969ல ஒரே நாளுல ரெக்கார்டு பண்ணி முடிச்சானுங்க. நீ ஒரு பாட்டுக்குக் கேபிள் மாட்டவே ஒரு பொழுது ஆக்குறே.

இதைக் கேட்டுட்டு வேற எதுவும் ரோசனை பண்ணாதே. இந்தப் பக்கம் பிரஸ் ஷாப்புல விரலைக் குடுத்தவன் நாலு பேரை உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தன் கையிலயும் சங்கீதம் பொறக்கல, ஈட்டுத்தொகைக்கு அலையிற காகிதம்தான் பொறந்துச்சு. மெஷினாண்ட சூதானமா நில்லு, சென்சாரை ஏமாத்தாதே. கம்பி முறுக்கைத் தளர்த்தறதுக்கு விரலு போவணும்னு இல்ல. சாவியைத் திருப்புனாலே போதும்.

இப்போ உன் டிரம்ஸ்காரன். அவன் வாங்குற தோலைப் பத்திப் பேசுவோம். மாசாமாசம் பிளாஸ்டிக் தோலு மாத்துறான், கட்டை மாத்துறான், சத்தம் மட்டும் மாறல. நம்ம பம்பைக்காரங்களையும் தப்பு அடிக்கிறவங்களையும் கவனிச்சிருக்கியா? பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் காத்துல ஈரம் ஜாஸ்தி. தோலு தளர்ந்து தொப்புனு கெடக்கும். வைக்கோலைக் கொளுத்தி, தப்பைச் சுத்திச் சுத்தி காட்டுவான். ஈரம் போயி தோலு இறுகும், சத்தம் 'டங்கு'னு எழும்பும். அடிக்கிறதைவிட காய்ச்சுறதுக்கு அவன் எடுத்துக்கிற நேரம் பெருசு. மிருதங்கத்துக்காரரு அதுக்கு நேரெதிரு. எடது பக்கம் ஈர ரவையை அப்பி சத்தத்தைக் கீழ எறக்குவாரு. ஒருத்தரு தோலை இறுக்குறாரு, இன்னொருத்தரு தோலுக்குச் சுமை ஏத்துறாரு. ரெண்டுக்கும் செலவு ஒரு கை வைக்கோலு, ஒரு பிடி ரவை.

லண்டன்ல இதே வேலையைக் கம்பளிச் சட்டையை வெச்சுப் பண்ணாங்க. 1966 ஏப்ரலு, பீட்டில்ஸ் 'ரிவால்வர்' தட்டுக்கு ரெக்கார்டிங். ரெக்கார்டிங் பண்ண பையன் ஜெஃப் எமெரிக்குக்கு வயசு 20. ரிங்கோ ஸ்டாரோட பெரிய டிரம்முக்குள்ள ஒரு பழைய கம்பளிச் சட்டையைத் திணிச்சான். நாலு கழுத்து வெச்சுப் பின்னுன சட்டை, நாலு பேரும் ஒண்ணாப் போட்டுக்கினு போட்டோ புடிச்சது. அப்புறம் மைக்கைத் தோலுக்குக் கிட்டக்கக் கொண்டாந்து வெச்சான். அந்த ஸ்டுடியோவுல அவ்வளவு கிட்ட வெக்கக் கூடாதுன்னு சட்டமே இருந்துச்சாம், மைக்கு கெட்டுப்போவும்னு. அந்த ஸ்டுடியோ பேரு இ.எம்.ஐ. நீ மாசாமாசம் கட்டுறது இல்லடா, இது கம்பெனி பேரு. சட்டை உள்ள போனதும் டிரம்மு அலையாம ஒரு குத்து குத்திட்டு அடங்குச்சு. உங்க ஆயாவோட பழைய போர்வை ஒண்ணு பரண்ல கெடக்கு. கேட்டா தர மாட்டா, எடுத்துக்க.

இதுக்கு நேர்மாறா ஒருத்தன் பண்ணான், அதுதான் எனக்குப் புடிச்ச கதை, ஏன்னா அதுல ஒரு லாரி வருது. ரோலிங் ஸ்டோன்ஸ்காரங்க ஒரு லாரிக்குள்ள ரெக்கார்டிங் சாமான் மொத்தத்தையும் ஏத்தி வாடகைக்கு விட்டுக்கினு இருந்தாங்க. லெட் செப்பலின் கோஷ்டி அத்த ஓட்டிக்கினு ஹெட்லி கிரேஞ்சுன்னு ஒரு பழைய மாளிகைக்குப் போச்சு. மாளிகைன்னா ராசா வூடு இல்ல, போக்கத்தவங்களை வெச்சுக் கஞ்சி ஊத்துறதுக்கு 1795ல கட்டுனது. மாடிப்படிக்குக் கீழ பெரிய கூடம். ஜான் போனம் டிரம்ஸை அங்க எறக்குனாரு. ஆண்டி ஜான்ஸ்ங்கற என்ஜினீயரு ரெண்டே மைக்கை எடுத்து, மேல் மாடியில இருந்து தொங்க விட்டாரு. டிரம்முகிட்ட ஒண்ணும் வெக்கல. அடி ஒண்ணுதான். அது நேரா மேல வர்றது ஒரு பக்கம், சுவத்துலயும் படியிலயும் மோதித் தாமதமா வர்றது ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்து மைக்குல ஏறுச்சு. அத்த வெளியில லாரிக்குள்ள ஒரு கருவியில போட்டு, பெரிய சத்தத்தை அமுக்கி சின்னச் சத்தத்தைத் தூக்கிவிட்டாங்க. அதனால மாடிப்படியோட மூச்சே கேட்டுச்சு. 1971ல வந்த தட்டு அது, பாட்டு ஆத்துக்கரை ஒடையிறதைப் பத்தி. மழைக்காலத்துல கரைமேல நின்னு பார்த்த நம்ம ஆளுக்கு அந்த அடி இன்னான்னு சொல்லிக் குடுக்க வேணாம்.

அதே லாரி 1971 டிசம்பருல சுவிட்சர்லாந்து போச்சு, டீப் பர்ப்பிள் கோஷ்டிக்கு. ரெக்கார்டிங் பண்ண இருந்த கேளிக்கை மண்டபம் அவங்க கண்ணு முன்னால தீப்புடிச்சு எரிஞ்சுபோச்சு. காலியாக் கெடந்த ஒரு ஓட்டலைப் புடிச்சு, வராண்டாவுல மெத்தையை நிறுத்தி வெச்சு வாசிச்சானுங்க. எரிஞ்ச பொகையைப் பத்தியே பாட்டும் கட்டிட்டானுங்க. சென்ட்ரலாண்ட மூர் மார்க்கெட்டு 1985ல எரிஞ்சுது, பழைய இசைத்தட்டு எத்தினியோ அதுல போச்சு. நான் வாங்கணும்னு கண்ணு வெச்சிருந்ததும்தான். அதைப் பத்தி எவனும் ஒரு ராக் பாட்டுக் கட்டல. நீ கட்டேன்.

இன்னொண்ணு. 1980ல வந்த ஒரு தட்டுக்காக லண்டன்ல பீட்டர் கேப்ரியலுக்கு ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்கிறாரு. கூடத்துல தொங்குன ஒரு மைக்கு ரெக்கார்டிங்குக்கே இல்ல, வாசிக்கிறவங்க "டீ எப்போ?"ன்னு கேட்டா கண்ணாடிக்கு அந்தாண்ட இருக்கிறவங்களுக்குக் கேக்குறதுக்காக. தூரத்துல இருந்து பேசுனாலும் கேக்கணும்னு அதுல அமுக்குற கருவி பலமா போட்டிருந்துச்சு. ஹியூ பேட்ஜாம்ங்கற என்ஜினீயரு அது தெறந்திருக்கும்போதே டிரம்ஸைக் கேட்டுட்டாரு. பூதம் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. எதிரொலி நீண்டு போவாம கதவைச் சாத்துனாப்புல பட்டுனு அறுத்தும் விட்டாங்க. அடுத்த பத்து வருஷம் ஒலகமே அந்த அடிதான் அடிச்சுது.

"எல்லாம் வெள்ளைக்காரன் கதையா இருக்குதே தாத்தா"ன்னு மொணங்காதே. நம்ம கோடம்பாக்கத்துக்கு வர்றேன்.

அந்தக் காலத்துல அங்க மாடிப்படி தேடுற வேலையே இல்ல. கால்ஷீட்டு ஏழு மணின்னா ஏழு மணிக்கு ஒரே கூடத்துல வயலின்காரங்க, தபலாக்காரங்க, கிதாருக்காரங்கன்னு அத்தனை பேரும் உக்காரணும், பாடுறவங்க தனி அறையில நிக்கணும். எல்லாரும் ஒண்ணா வாசிச்சு ஒண்ணா முடிக்கணும். ஒருத்தன் சறுக்குனா மொத்தப் பேருக்கும் மறுபடி மொதல்ல இருந்து. வெளிநாட்டு வாத்தியத்துக்கு இறக்குமதி வரி கழுத்தை நெரிச்ச காலம், கல்கத்தாவுல செஞ்ச கிவ்சன் கிதாரு கெடச்சவனே பாக்கியசாலி. இப்படி ஒரு எடத்துல சவுண்டை எங்க இருந்து கொண்டாறது? இளையராஜா அத்தக் காகிதத்துல கொண்டாந்தாரு. அவரே கிதாருக்காரரு. தன்ராஜ் மாஸ்டருகிட்டப் பாடம் கேட்டு, லண்டன் டிரினிட்டி காலேஜ் கிளாசிக்கல் கிதாரு பரீட்சை எட்டாம் கிரேடு பாஸ் பண்ணவரு. 'அன்னக்கிளி'க்கு முன்னாடி மத்தவங்க ரெக்கார்டிங்குல உக்காந்து வாசிச்சவரு. 1976க்கு அப்புறம் அவரு பாட்டுங்கள்ல பேஸ் கிதாரை மட்டும் தனியாக் கேட்டுப் பாரு. பாடுறவங்க ஒரு மெட்டுல போனா, அது கீழ தன்பாட்டுக்கு வேற ஒரு மெட்டுல நடக்கும். வாசிச்சவரு சசிதரன். டிரம்ஸுக்குப் புருஷோத்தமன், கிதாருக்கு அவரு கூடப்பொறந்த சந்திரசேகர். 1982ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துல நெலாப் பாட்டுக்கு வர்ற கிதாரு சந்திரசேகர் கைதான். அந்தக் கிதாரு அவ்வளவு துல்லியமா காதுல விழுறது மைக்காலன்னு நெனைக்கிறியா? அது வாசிக்கிற நேரத்துல அந்தச் சுர எடத்துல வேற எவனையும் வாசிக்க விடாம எழுதி வெச்சிருக்காரு மனுசன். இங்கிலாந்துக்காரன் அறையை நம்புனான், இவரு அடக்கத்தை நம்புனாரு. எனக்கு ரெண்டாவதுதான் ஒசத்தின்னு தோணும். நீ ஒத்துக்க வேணாம்.

உன் கோஷ்டியில பேஸ் வாசிக்கிற பையன், பாவம், உன் கிதாரு பின்னாடியே வால் புடிச்சுக்கினு போறான். நீ மேல போனா மேல, கீழ வந்தா கீழ. அவனுக்குன்னு ஒரு வழி போட்டுக் குடு. டப்பா வாங்குன காசுல பத்துல ஒரு பங்குக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கலாம், மிச்சத்துக்குப் பிரியாணி துன்னலாம்.

டிரம்ஸ்காரனுக்கு சிவமணியைக் காட்டு. அந்த ஆளு மேடையில தண்ணி கேனு, சூட்கேசு, சட்டி, பானை, எது கையில ஆப்புட்டாலும் அடிச்சு சத்தம் வாங்குறாரு. அப்புறம் ஏ.ஆர்.ரகுமான் 1989ல கோடம்பாக்கத்து வூட்டுப் பின்பக்கமே ஸ்டுடியோ கட்டிக்கினு, கூடமும் வேணாம், கும்பலும் வேணாம்னு ராத்திரியில ஒவ்வொரு சத்தமா எழைச்சு 1992ல 'ரோஜா'வைக் கொண்டாந்தாரு. எச்.ஸ்ரீதர் மாதிரி ஒரு காதுக்காரரு என்ஜினீயரா கெடச்சதும் அவரு யோகம். உனக்கு என் காதுதான் கெடைக்கும், அதுலயும் எடது காது வேலை செய்யல.

கொட்டாயைவிட்டு வெளிய வா. சிமென்ட் ஷீட்டு சத்தத்தைச் சல்லிசாக்கிடும், தகரடப்பாதான் கேக்கும். ஆடி மாசம் கல்யாண மண்டபம் முகூர்த்தம் இல்லாமப் பூட்டிக் கெடக்குது. மேனேஜரு எனக்குத் தெரிஞ்ச ஆளு, பேசுற விதத்துல பேசுனா கரெண்டு காசு மட்டும் வாங்கிக்கினு தொறந்து விடுவான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போற மாடிப்படிக்குக் கீழ டிரம்ஸைப் போடு, மேல கைப்புடியில ரெண்டு மைக்கைக் கட்டித் தொங்கவிடு. கிதாரு ஆம்ப்ளியைப் பாத்திர ரூமுல வெச்சுக் கதவைச் சாத்து, அண்டாவெல்லாம் கூட அதிரட்டும். சரக்கு ரயிலு போற நேரத்தை மட்டும் டேசன்ல கேட்டுக்க, இல்லன்னா அதுவும் உன் கோஷ்டியில சேர்ந்துடும். சேர்ந்தாலும் அழிக்காதே, மொதல்ல போட்டுக் கேளு.

டப்பாவை யாருக்காச்சும் வித்துடு, தவணையை அவன் கட்டட்டும். கரகரப்புக்கு நான் ஆச்சு. பின்னாடி ஷெட்டுல கோன் கிழிஞ்ச ஸ்பீக்கரு ஆறு கெடக்குது. காயலாங்கடைக்காரன் எடைக்குப் போட்டுக்கிறேன்னு போன வாரம் வந்தான், குடுக்கல. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு எடத்துல கிழிஞ்சிருக்கு, அதனால ஒவ்வொண்ணுக்கும் தனி சவுண்டு. நீ பேரன்ங்கறதால நாளு வாடகை சல்லிசாப் போட்டுத் தர்றேன். அட்வான்ஸு மட்டும் முன்னாடியே குடுத்துடணும், கிழிசல் இன்னும் பெருசாச்சுன்னா அதுக்கு ரேட்டு வேற.